நீலகிரிக்கு வீடு மாற்ற வண்டி பிடிப்பது எப்படி: மலைப்பாதை, காட்டுச் சோதனைச்சாவடி, இரவுத் தடை எல்லாம் கணக்கில் வைத்து ஒரு முழு வழிகாட்டி

பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ் கம்பெனிக்கு போன் செய்தால் அவர்கள் கேட்பது இரண்டே கேள்விகள்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை பெட்ரூம். சென்னையிலிருந்து திருச்சிக்கு மாற்றுபவருக்கு இது போதும். பெங்களூரிலிருந்து மசினகுடிக்கோ, கோவையிலிருந்து கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட வீட்டுக்கோ மாற்றுபவருக்குப் போதாது. இங்கே செலவையும் நேரத்தையும் தீர்மானிப்பது தூரம் அல்ல. வீட்டு வாசலுக்கு முந்தைய ஒரு கிலோமீட்டரும், வழியில் இருக்கும் வனத்துறை கேட் மூடும் நேரமும்தான் தீர்மானிக்கின்றன. அதனால் திட்டத்தைக் கடைசியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போட வேண்டும். கம்பெனியைத் தேடுவது அதற்கு அப்புறம்.

1. முதலில் புது வீட்டின் வாசலைப் பாருங்கள்

நீங்களே போக முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் வீட்டு உரிமையாளரையோ புரோக்கரையோ மெயின் ரோட்டிலிருந்து வாசல் வரை நடந்தபடி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காரில் உட்கார்ந்து எடுத்த வீடியோவில் குறுகலும் சரிவும் தெரியாது, நடந்து எடுத்ததாக இருக்கட்டும். அதில் பார்க்க வேண்டியவை: பாதையின் மிகக் குறுகலான இடம், கேட்டின் அகலம், தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி, சாய்ந்த மரக்கிளை, சின்னப் பாலம், மண் சரிவு, கடைசியாக வண்டி திரும்ப இடம் இருக்கிறதா என்பது. இந்தக் கடைசி விஷயத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். உள்ளே போன லாரி அரை கிலோமீட்டர் ரிவர்ஸில் மேடேற வேண்டியிருந்தால் எந்த டிரைவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அளவு நாடாவைவிட உதவும் கேள்வி ஒன்று இருக்கிறது. அக்கம்பக்கத்தில் கேளுங்கள்: “கேஸ் சிலிண்டர் வண்டி வாசல் வரைக்கும் வருமா? கடைசியா செங்கல், மணல் எந்த வண்டியில வந்து இறங்குச்சு?” டிப்பர் வந்திருந்தால் 14 அடி லாரியும் பெரும்பாலும் வரும். மணலே பிக்கப்பில்தான் வந்தது என்றால் உங்கள் கட்டிலும் பீரோவும் பிக்கப்பில்தான் வரும்.

குன்னூர், ஊட்டி போன்ற ஊர்களில் இன்னொரு சங்கதி. வீடு ரோட்டுக்கு மேலேயோ கீழேயோ இருக்கும், நடுவில் படிக்கட்டு. படிகளை எண்ணி வையுங்கள், அதில் எத்தனை திருப்பம் என்பதையும் சேர்த்து. இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜும் கழற்ற முடியாத மர பீரோவும் அந்தத் திருப்பத்தில் நுழையுமா என்று அளந்துவிடுங்கள். இறக்குக்கூலி பேசும்போது படிக்கட்டுக்குத் தனி ரேட் வரும். முன்கூட்டியே சொன்னால் அது பேரம், வாசலில் வந்து சொன்னால் அது சண்டை.

வீடு எஸ்டேட்டுக்குள் இருந்தால் அந்தப் பாதை தனியார் பாதை. எஸ்டேட் கேட்டில் வண்டி எண், நாள், நேரம் மூன்றையும் கொடுத்து மேனேஜரிடம் அனுமதி வாங்க வேண்டும். பெரும்பாலான எஸ்டேட்டுகளில் மாலைக்குப் பிறகு வெளி லாரியை விட மாட்டார்கள். கிராம ஊராட்சிப் பாதை என்றால் அனுமதி வேண்டியதில்லை, ஆனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. அவருடைய ஜீப் பாதையில் நின்றால் உங்கள் லாரி நகராது.

2. எந்த வழியாக ஏறுவது

மேப் காட்டும் குறுக்கு வழியை நம்பி வண்டி அனுப்பக் கூடாத மாவட்டம் நீலகிரி.

மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏற இரண்டு முக்கியப் பாதைகள். கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூர் போவது தேசிய நெடுஞ்சாலை 181, இதில் 14 கொண்டை ஊசி வளைவுகள். மற்றொன்று குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரி போவது. உங்கள் வீடு ஊட்டியில் இருந்தாலும் எந்த வழி என்பதை அந்த வாரத்தில்தான் முடிவு செய்ய வேண்டும். கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதை அமல்படுத்துவார்கள். அதே நாட்களில் பகல் நேரத்தில் சரக்கு லாரிகளுக்கும் கட்டுப்பாடு வரும். காரமடையிலிருந்து மஞ்சூர் போகும் பாதை குறுகலானது, காட்டுக்குள் போவது. வீட்டுச் சாமான் ஏற்றிய லாரிக்கு அதை நான் சொல்லவே மாட்டேன்.

மசினகுடிக்குப் போகிறவர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இது. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி சுமார் 30 கிலோமீட்டர். கூடலூர், தொரப்பள்ளி, தெப்பக்காடு சுற்றி வந்தால் 70 கிலோமீட்டருக்கு மேல். மேப் கல்லட்டியைத்தான் காட்டும். ஆனால் அந்தப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், சரிவு செங்குத்து. பிரேக் பிடித்துப் பிடித்துச் சூடேறிச் செயலிழந்து நடந்த விபத்துகள் ஏராளம். கனரக வண்டிகளுக்கு அங்கே அனுமதி இல்லை, வெளி மாவட்டப் பதிவெண் வண்டிகளை ஊட்டியிலிருந்து கீழே இறங்க விடுவதும் இல்லை. டிரைவர் “கல்லட்டியில இறங்கிடலாம் சார்” என்று சொன்னால் அவருக்கு மலை தெரியாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கூடலூர் வழி என்பதை ஒப்பந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

பெங்களூரிலிருந்து வருபவர்களுக்கு மைசூரு, குண்டுலுப்பேட்டை, பந்திப்பூர், தெப்பக்காடு வழிதான் பக்கம். கூடலூர், மசினகுடிக்கு இதைவிட நல்ல வழி கிடையாது, கேட் நேரத்தை மட்டும் மதித்தால் போதும். குன்னூருக்கோ கோத்தகிரிக்கோ போகிறீர்கள், லாரி பெரியது என்றால் சேலம், அவிநாசி, மேட்டுப்பாளையம் என்று சுற்றி வருவதே மேல். டீசல் கொஞ்சம் கூடும், ஆனால் வழியில் எந்தப் புலிகள் காப்பகமும் குறுக்கிடாது. சாமராஜநகரிலிருந்து சத்தியமங்கலத்துக்கு இறங்கும் திம்பம் வழியைச் சரக்கு வண்டிக்கு யோசிக்க வேண்டாம். அங்கே 27 கொண்டை ஊசி வளைவுகள், கூடவே சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் தடைகள்.

3. கேட் மூடும் நேரத்தைத் தாளில் எழுதுங்கள்

பந்திப்பூர் வழியில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டிகளுக்குத் தடை. 2009-இல் வந்த இந்தத் தடையை 2010-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. தமிழ்நாட்டுப் பக்கத்தில் முதுமலைக்குள் தொரப்பள்ளியிலிருந்து மாநில எல்லைச் சாவடியான கக்கநல்லா வரையும் அதே நேரம்தான். ஆம்புலன்ஸ் போன்ற அவசரத்துக்கும் குறிப்பிட்ட சில பேருந்துகளுக்கும் விலக்கு உண்டு, வீட்டுச் சாமானுக்கு இல்லை.

திம்பம் பாதையில் 2022 பிப்ரவரியிலிருந்து இலகு ரக வண்டிகளுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை, சரக்கு வண்டிகளுக்கு மாலை 6 மணியிலிருந்தே தடை. காரில் போய்ப் பழகியவர்கள் 9 மணி என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். லாரிக்கு அது 6 மணி.

இந்தத் தடைக்குக் காரணம் எளிமையானது. இரவில்தான் யானையும் மானும் சிறுத்தையும் ரோட்டைக் கடக்கின்றன, வேகமாக வரும் லாரி விளக்கில் திகைத்து நின்று அடிபடுகின்றன. முதுமலையும் பந்திப்பூரும் வயநாடும் சேர்ந்தது ஒரே காடு, நடுவில் ரோடு நாம் போட்டது. அந்த ஊருக்கே குடிபோகிறவர் முதல் நாளே கேட்டில் நின்று “கொஞ்சம் விடுங்க சார்” என்று கெஞ்சும் நிலையை வைத்துக்கொள்ளக் கூடாது.

சரி, கணக்கு எப்படிப் போடுவது? பின்னோக்கிப் போடுங்கள். யானைகள் ரோட்டுக்கு வரும் அந்தி நேரத்துக்கு முன்பே காட்டைத் தாண்டிவிட வேண்டும், அதாவது மாலை 5 மணிக்குள் தெப்பக்காடு. குண்டுலுப்பேட்டையிலிருந்து தெப்பக்காடு 40 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் வேகத்தடைகளும் சோதனையும் உண்டு. 3 மணிக்குக் குண்டுலுப்பேட்டையில் இருக்க வேண்டுமென்றால் லோடு லாரி பெங்களூரை விட்டுக் காலை 8 மணிக்குள் கிளம்பியாக வேண்டும். காலை 8 மணிக்குக் கிளம்ப வேண்டுமென்றால் ஏற்றும் வேலை முந்தின நாளே முடிந்திருக்க வேண்டும். எனவே பேக்கிங்கும் ஏற்றுவதும் ஒரு நாள், பயணமும் இறக்குவதும் மறுநாள். “ஒரே நாளில் முடித்துவிடுவோம்” என்று சொல்கிற கம்பெனிக்கு இந்த ரோடு தெரியாது.

நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதத்திலிருந்து சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ், அதாவது ஆன்லைனில் எடுக்கும் நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும். மாவட்டப் பதிவெண்ணான டிஎன் 43 வண்டிகளுக்கு வேண்டியதில்லை. அத்தியாவசியப் பொருள் ஏற்றும் லாரிகளுக்கு விலக்கு உண்டு என்பதைச் சிலர் எல்லா லாரிக்கும் விலக்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் சோபா அத்தியாவசியப் பொருள் அல்ல. லாரிக்கும், பின்னால் வரும் குடும்பக் காருக்கும் தனித்தனியாக எடுத்து, அச்சிட்டு டிரைவர் கையில் கொடுங்கள், காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. 2025 கோடையில் சுற்றுலா வண்டிகளுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வரம்பு வைத்தார்கள். சீசனில், அதுவும் சனி ஞாயிறில், வீடு மாற்றாமல் இருப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

மழையையும் இந்தத் தாளிலேயே சேர்த்துவிடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர் பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கம். 2009 நவம்பரில் அந்தப் பக்கம் நடந்த மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பாதைகள் நாள்கணக்கில் அடைபட்டன. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தொடக்கம் ஆகியவைதான் இரண்டு பக்கத்துக்கும் பொருத்தமான மாதங்கள். பள்ளிச் சேர்க்கை காரணமாக மே, ஜூனில்தான் மாற முடியும் என்றால் வாரத்தின் நடு நாளைப் பாருங்கள், ஒரு நாள் தள்ளிப்போகவும் இடம் வையுங்கள்.

4. வண்டி அளவு: பெரிய லாரி ஒன்றா, சின்ன வண்டி இரண்டா

குட்டி யானை என்று நாம் கூப்பிடும் டாடா ஏஸ் முக்கால் டன் வரைக்கும்தான். மலைக்கு ஒரு அறைச் சாமானுக்குமேல் அதில் ஏற்றாதீர்கள், முதல் கியரில் முனகிக்கொண்டே ஏறும். தோஸ்த், பொலிரோ பிக்கப் ஆகியவை ஒன்றேகால் டன்னிலிருந்து ஒன்றரை டன் வரை தாங்கும், மலைக்கு இவை நல்ல வண்டிகள். அதற்கு மேல் டாடா 407 லாரி, அப்புறம் 14 அடி, 17 அடி ஐஷர் வகை. மூடிய கன்டெய்னர் மழைக்கு நல்லது, ஆனால் உயரம் அதிகம். மரக்கிளையும் மின்கம்பியும் தாழ்ந்த பாதைகளில் திறந்த பாடியும் நல்ல தார்ப்பாயும்தான் வசதி.

இரண்டு பெட்ரூம் வீட்டுச் சாமானுக்கு என் பரிந்துரை இரண்டு கட்டப் பயணம். சமவெளியிலிருந்து பெரிய லாரி மெயின் ரோடு வரைக்கும் வரட்டும். மேட்டுப்பாளையம், கூடலூர் அல்லது உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் லாரி நிற்க ஓர் அகலமான இடத்தைப் பார்த்து, அங்கிருந்து உள்ளூர் பிக்கப் இரண்டு நடை அடிக்கட்டும். ஒருமுறை கூடுதலாக இறக்கி ஏற்றுவதால் கூலி கூடும், கண்ணாடிக்கும் ஆபத்து கொஞ்சம் கூடும். ஆனாலும் உள்ளூர் டிரைவருக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடம். மழை பெய்த மண் பாதையில் எங்கே சக்கரம் புதையும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த அறிவை நகரத்துக் கம்பெனியிடம் எவ்வளவு பணம் கொடுத்தாலும் வாங்க முடியாது.

பிக்கப்பை நீங்களே தனியாகப் பேசுங்கள். கம்பெனியிடம் விட்டால் நடுவில் ஒரு கமிஷன் சேரும், யார் வருவார்கள் என்பதும் கடைசிவரை தெரியாது. வீட்டு உரிமையாளரிடமோ பக்கத்து மளிகைக் கடையிலோ கேட்டால் நல்ல டிரைவர் அண்ணன் ஒருவரின் நம்பர் கிடைத்துவிடும்.

5. கம்பெனியைப் பேசி முடிப்பது

மூன்று இடத்தில் விலை கேளுங்கள், ஆனால் மூவருக்கும் அதே வீடியோவையும் அதே சாமான் பட்டியலையும் அனுப்பிவிட்டுக் கேளுங்கள். வீடியோவைப் பார்க்காமலே ரேட் சொல்பவரை அங்கேயே கழித்துவிடலாம். வாசலுக்கு வந்து “வண்டி உள்ளே போகாது, இன்னும் இவ்வளவு கொடுங்க” என்று நிற்கப் போவது அவர்தான்.

நல்ல கம்பெனி பதில் சொல்லும் கேள்விகள் இவை. இதற்கு முன் இந்த மலைக்கு லோடு ஏற்றியிருக்கிறீர்களா, எந்த வழியில் போனீர்கள்? வண்டி உங்களுடையதா, வெளியில் எடுப்பதா? அதே லாரியில் வேறு யாருடைய சாமானும் சேருமா? சேர்ந்தால் உங்கள் நேரம் அவர்கள் கையில் போய்விடும். கேட் நேர மலைப்பாதைக்குப் பகிர்வு லோடு ஒத்துவராது. கேட் மூடிவிட்டால் இரவு எங்கே நிறுத்துவீர்கள், அந்த வெயிட்டிங் சார்ஜ் யாருடையது? மண்சரிவால் பாதை அடைந்தால்?

வண்டிக்கு மஞ்சள் நம்பர் பிளேட் இருக்க வேண்டும், வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்தால் விபத்து நேரத்தில் காப்பீடு கைவிட்டுவிடும். கர்நாடகப் பதிவு லாரி தமிழ்நாட்டுக்குள் வருகிறது என்றால் நேஷனல் பர்மிட் உண்டா என்று பாருங்கள். வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி.யின் தேதியையும் பாருங்கள். மலையில் பிரேக் நல்ல நிலையில் இருப்பதற்கு உங்களால் தாளில் பார்க்க முடிகிற சான்று அது ஒன்றுதான்.

ஒப்பந்தத் தாளில் வண்டி எண், டிரைவர் பெயர், கிளம்பும் நேரம், போகும் வழி, லாரியிலிருந்து பிக்கப்புக்குச் சாமானை மாற்றும் இடம், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, படிக்கட்டுக் கூலி, டோல், பசுமை வரி, இரவு நிறுத்தம் எல்லாம் தனித்தனி வரியாக இருக்கட்டும். “எல்லாம் சேர்த்து” என்று ஒரே தொகை போட்டால் மலையில் அதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு அர்த்தம் சொல்வார்கள். முன்பணம் கொஞ்சம், ஏற்றி முடித்ததும் ஒரு பங்கு, மீதி இறக்கிய பிறகு. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கும் கம்பெனி வேண்டாம்.

சாமானின் மதிப்பைத் தாளில் எழுதுங்கள். 2007-இன் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, மதிப்பைச் சொல்லி அதற்கான கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால் சரக்கு நிறுவனத்தின் பொறுப்புக்கு வரம்பு உண்டு. தனியாக டிரான்சிட் இன்ஷூரன்ஸ் எடுப்பதென்றால், இடையில் வேறு வண்டிக்கு மாற்றுவதும் அதில் அடங்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கம்பெனிக்காரர் இன்ஷூரன்ஸ் என்று சொல்லி வாங்கும் பணத்துக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி நகல் வர வேண்டும். வரவில்லை என்றால் அது இன்ஷூரன்ஸ் இல்லை.

வீட்டில் பயன்படுத்திய பழைய சாமானுக்கு இ-வே பில் (ஜிஎஸ்டி விதிப்படி சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு) தேவையில்லை, விதியிலேயே விலக்கு இருக்கிறது. இருந்தாலும் சாமான் பட்டியல், உங்கள் ஆதார் நகல், பழைய புது வாடகை ஒப்பந்த நகல்கள் ஆகியவற்றை டிரைவரிடம் ஒரு செட் கொடுத்துவிடுங்கள். சோதனைச்சாவடியில் பேச்சு சீக்கிரம் முடியும்.

6. எதை ஏற்றக் கூடாது

கேஸ் சிலிண்டரை ஏஜென்சியில் ஒப்படைத்து இணைப்பை மாற்றும் தாளை வாங்குங்கள். மண்ணெண்ணெய், பெயின்ட், தின்னர் எதுவும் வேண்டாம். மிச்சப் பட்டாசு எந்தப் பெட்டியிலாவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிப்ரவரி முதல் மே வரை இந்தக் காடு காய்ந்து கிடக்கும், தீ என்றால் வனத்துறையினர் கொஞ்சமும் பொறுக்க மாட்டார்கள், பொறுக்கவும் கூடாது. ஏர் கன் இருந்தால் லாரியில் வேண்டவே வேண்டாம். சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம்.

மர நாற்காலி, மேசைக்குப் பிரச்சினை இல்லை. பழைய தேக்குச் சட்டம், ஈட்டிப் பலகை, அறுத்த மரத்துண்டு போன்றவை வேறு கதை. குறிப்பாக நீலகிரியிலிருந்து வெளியே போகும்போது மரத்துக்கு வனத்துறை அனுமதி கேட்பார்கள். பில்லும் அனுமதியும் இல்லாத மரத்தை விட்டுவிட்டு வாருங்கள்.

அப்புறம் பிளாஸ்டிக். நீலகிரி நுழைவுச் சாவடிகளில் தண்ணீர் பாட்டிலும் கேரி பேகும் தேடுவார்கள். பிடிபடுவது பெரும்பாலும் உங்கள் பெட்டிக்குள் இருப்பது அல்ல, கேபினில் லோடுமேன்கள் வைத்திருக்கும் பாட்டிலும் பொட்டலச் சாப்பாட்டுக் கவரும்தான். கிளம்பும் முன் அவர்களுக்கு ஒரு பெரிய ஸ்டீல் கேனில் தண்ணீரும் வாழையிலையில் கட்டிய சாப்பாடும் கொடுத்துவிடுங்கள். சாமானுக்கும் முடிந்தவரை பழைய போர்வை, சாக்கு, அட்டை போதும்.

கட்டும்போது மலையை மனதில் வையுங்கள். கனமானவை கேபின் பக்கம், தரையோடு. வளைவில் சாமான் பக்கவாட்டில் தள்ளும், ஆகவே கயிறு குறுக்காகவும் நெடுக்காகவும் போக வேண்டும். முன்பக்கம் துணி போடும் வாஷிங் மெஷினின் டிரம்மைப் பூட்டும் போல்ட்டுகள் பழைய பெட்டியிலோ டிராயரிலோ இருக்கும், தேடி மாட்டுங்கள். ஃப்ரிட்ஜும் இன்வெர்ட்டர் பேட்டரியும் நிமிர்ந்தே வரட்டும். மூடுபனியில் மெத்தை ஈரம் இழுக்கும், அதற்குத் தனித் தார்ப்பாய்.

7. பயண நாள்

டிரைவரிடம் காலையிலேயே நாலு விஷயம் சொல்லுங்கள். காட்டுக்குள் எங்கும் நிறுத்தக் கூடாது, டயர் பஞ்சரானாலும் முதலில் சோதனைச்சாவடிக்குத் தகவல். லாரிக்காரர்கள் ரோட்டோரம் ஸ்டவ் வைத்துச் சமைப்பார்கள், காப்பகத்துக்குள் அது கூடாது, பீடித் துண்டும் வெளியே விழக் கூடாது. யானை நின்றால் ஹாரன் அடிக்காமல் தள்ளி நிறுத்திக் காத்திருக்க வேண்டும். குரங்குக்கும் மானுக்கும் ஒரு பழம்கூடப் போடக் கூடாது.

நீங்கள் காரில் லாரிக்கு முன்னால் போங்கள். சாவடியில் இறங்கி, எங்கே குடிவருகிறீர்கள் என்று சொல்லித் தாள்களைக் காட்டினால் லாரி வரும்போது வேலை பாதி முடிந்திருக்கும். மலைப்பாதையில் குறுகலான இடத்தில் மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இது சாலை விதி. லோடு லாரி நடு மேட்டில் நின்றுவிட்டால் திரும்பக் கிளப்புவது கஷ்டம்.

நாயும் பூனையும் உங்களோடு காரில் வரட்டும், லாரியில் ஏற்றாதீர்கள். காட்டுக்குள் அவற்றை இறக்கவும் கூடாது.

8. இறக்கி, கணக்கு முடிப்பது

இருட்டுவதற்குள் இறக்கி முடிக்க முடியாது என்று தெரிந்தால் மெத்தை, அடுப்பு, துணிப் பெட்டி மட்டும் இறக்கிவிட்டு மீதியைக் காலைக்கு வையுங்கள். மசினகுடி, கூடலூர் ஓரங்களில் இரவில் வீட்டு வாசலுக்கே யானையும் கரடியும் வரும். டார்ச் வெளிச்சத்தில் லோடுமேன்களைப் படியேற வைப்பது நியாயமில்லை. வேலை சீக்கிரம் முடிந்தாலும் லாரியை அந்த இரவில் கேட்டுக்கு விரட்டாதீர்கள். டிரைவருக்குச் சாப்பாடும் படுக்க இடமும் ஏற்பாடு செய்யுங்கள், காலை 6 மணிக்குக் கேட் திறந்ததும் போகட்டும். இறக்கத்தில் காலி லாரியை நியூட்ரலில் விடும் பழக்கம் சிலருக்கு உண்டு, அதை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பெட்டியாக டிக் செய்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். உடைந்தது, காணாமல் போனது எதுவானாலும் கையெழுத்துக்கு மேலேயே எழுதி, டிரைவரையும் கையெழுத்திடச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கம்பெனிக்கு எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள். அப்படி நோட்டீஸ் கொடுக்காமல் சரக்கு நிறுவனத்தின் மீது இழப்புக்கு வழக்குப் போட முடியாது. அதற்குச் சட்டம் தரும் அவகாசம் 180 நாட்கள், எண்ணத் தொடங்குவது சாமான் வந்து சேர்ந்த நாளிலிருந்து அல்ல, லாரியை புக் செய்த நாளிலிருந்து.